கொடி இறங்கும் வேளை: வாசகர் கேள்வி – பதில்

தாய்லாந்து – கம்போடிய எல்லைச் சண்டையைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு, அதைத் தொட்டும் தொடர்ந்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஆறைத் தேர்ந்து, இம்முறை முழுப் பகுதியையும், பேரரசுகள் தளரும்போதும் விலகும்போதும் எல்லைச் சண்டையும் தேசியவாதமும் எப்படி மூள்கின்றன என்ற ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் மோதியபோது நம் மலேசியாவின் புத்ராஜெயாவில்தான் சண்டை நிறுத்தம் பேசி முடித்தார்கள். பழைய கோயில்கள் நிற்கும் ஒரு மலை விளிம்புக்காக இரண்டு நாடுகள் பீரங்கியைக் கையில் எடுப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. (கல்லூரி மாணவி, சுங்கை பட்டாணி)

பதில்: அந்தக் கோயில்களுக்குப் பின்னால் ஒரு வரைபடம் இருக்கிறது. தங்ரேக் மலைத்தொடரின் விளிம்பில் நிற்கும் பிரியா விகார், கெமர் மன்னர்கள் சிகரேஸ்வரர் என்ற பெயரில் சிவபெருமானுக்கு எழுப்பிய கோயில். 1904இல் சயாமும் (இன்றைய தாய்லாந்து), அன்று கம்போடியாவைத் தன் ஆட்சியின் கீழ் வைத்திருந்த பிரான்சும் செய்த உடன்படிக்கை, மழைநீர் இருபுறமும் பிரிந்து வடிகிற முகட்டையே அப்பகுதியின் எல்லையாகக் கொண்டது. ஆனால் 1907இல் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்து கொடுத்த வரைபடத்தில் கோயில் கம்போடியப் பக்கம் விழுந்திருந்தது. சயாம் அதைப் பெற்றுக்கொண்டு பல்லாண்டுகள் மறுப்புச் சொல்லாமல் இருந்தது. அந்த மௌனத்தைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, அனைத்துலக நீதிமன்றம் 1962 ஜூன் 15ஆம் நாள் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது.

ஆயினும் சச்சரவு வரைபடத்தால் மட்டும் மூண்டுவிடவில்லை. பிரான்ஸ் வலுவாக இருந்தவரை சயாம் தன் குறையை மனத்துக்குள் வைத்திருந்தது. 1930களின் இறுதியில் பிபூன் சொங்கிராம் ஆட்சிக்கு வந்தார். 1939இல் நாட்டின் பெயரைத் தாய்லாந்து என மாற்றி, தாய் இனத்தார் வாழும் இடமெல்லாம் ஒரே நாடாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பள்ளிப் புத்தகத்திலும் வானொலியிலும் ஊட்டினார். 1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் இந்தோசீன எல்லையில் தாய்லாந்துக்கும் பிரெஞ்சுப் படைகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. 1941இல் ஜப்பான் நடுவராக வந்து பட்டாம்பாங் உள்ளிட்ட பகுதிகளைத் தாய்லாந்துக்கு வாங்கிக் கொடுத்தது. போர் முடிந்ததும் 1946இல் அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நெடுநாள் புகைந்துகொண்டிருந்த குறை, பேரரசு தடுமாறிய அந்தச் சில மாதங்களில்தான் படையெடுப்பாக மாறியது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கெடாவில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1909இல் பிரிட்டனும் சயாமும் செய்த உடன்படிக்கையால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கும் பிரிட்டனின் கைக்கு மாறின. பட்டாணி என்ற மலாய் நாடு சயாமிடமே நின்றது. அந்த நாடுகளின் மலாய் ஆட்சியாளர்களைக் கலந்துகொள்ளாமலேயே இது முடிந்தது. பிரிட்டன் மலாயாவை விட்டு ஓடிய பிறகு, 1943இல் ஜப்பான் அந்த நான்கு மாநிலங்களையும் தாய்லாந்துக்குக் கொடுத்தது. 1945 வரை உங்கள் ஊர் தாய்லாந்தின் நிர்வாகத்தில் இருந்தது. உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதைக் கடந்த பெரியவர் யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கோட்டுக்கு அப்பால் விடப்பட்ட பட்டாணிப் பகுதியிலோ 2004 முதல் மூண்டிருக்கும் வன்முறையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கிறார்கள். 1909இல் மேசைமீது இட்ட கையொப்பத்துக்கு இன்றைக்கும் அங்கே உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் இருந்தபோது எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள், அவன் போன பிறகுதான் இனச் சண்டை வந்தது என்று என் தந்தையார் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பேரரசுகள் இருந்திருந்தாலே உலகம் அமைதியாக இருந்திருக்குமோ என்று எனக்கும் சில நேரம் தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன? (பணி ஓய்வு பெற்றவர், ஈப்போ)

பதில்: உங்கள் தந்தையார் கண்டதைக் கண்டபடிதான் சொல்லியிருப்பார். இப்படிப்பட்ட நினைவு நம் தோட்டப்புறங்களில் மட்டுமல்லாமல் ஸ்மிர்னாவிலும் சரயேவோவிலும் லாகூரிலும் இருந்திருக்கிறது. அந்த அமைதி எதன்மேல் நின்றது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

துருக்கியரின் உதுமானியப் பேரரசை எடுத்துக்கொள்வோம். அது மக்களை மொழியால் பிரிக்கவில்லை; மதத்தால் பிரித்தது. ஒவ்வொரு மதத்தாரும் மில்லத் எனப்படும் தனிச் சமூகமாக, தங்கள் திருமணம், வாரிசுரிமை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தங்கள் மதத் தலைவரின் கீழ் நடத்திக்கொண்டு, சுல்தானுக்கு வரி செலுத்தி வாழ்ந்தனர். சமூகங்களுக்கிடையே வழக்கு எழுந்தால் மேலே இருக்கும் சுல்தானின் ஆட்சிதான் நடுவர். இந்த ஏற்பாட்டில் பல தலைமுறைகள் அருகருகே வாழ்ந்தும், தங்களுக்குள் உட்கார்ந்து ஒரு பொது ஏற்பாட்டைப் பேசி முடிக்கிற பழக்கம் அந்தச் சமூகங்களுக்கு வரவே இல்லை. மேலே இருந்த நடுவருக்கு நோய் வந்ததும், கீழே இருந்தவர்கள் ஒருவரையொருவர் அச்சத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பேரரசின் ஐரோப்பியப் பகுதியான மாசிடோனியாவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்தவரை இந்த நோயின் போக்கு அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1870இல் சுல்தான் பல்கேரியருக்குத் தனித் திருச்சபை அமைக்க அனுமதி தந்தார். ஒரு வட்டாரத்தின் கிறித்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் விரும்பினால் கிரேக்கத் தலைமைக் குருவின் கீழிருந்து விலகிப் புதிய சபையில் சேரலாம் என்பது ஏற்பாடு. அதுவரை தன்னைக் கிறித்தவன் என்றும் இன்ன ஊர்க்காரன் என்றும் மட்டுமே சொல்லிவந்த குடியானவன், எந்தக் கோயிலில் தொழுகிறான் என்பதை வைத்தே பல்கேரியனாகவோ கிரேக்கனாகவோ எண்ணப்பட்டான். பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள், கணக்கெடுப்புகள் வந்தன, கடைசியில் துப்பாக்கி ஏந்திய குழுக்கள் வந்தன. பல்கேரியா, செர்பியா, கிரேக்கம் மூன்றும் மாசிடோனியா தன்னுடையதே என்றன. மூன்றிடமும் வரைபடம் இருந்தது.

1912இல் இந்த மூன்றும் மாண்டினீக்ரோவும் சேர்ந்து உதுமானியரைத் தாக்கி, சில மாதங்களுக்குள் ஐரோப்பாவில் அவர்களிடம் எஞ்சியிருந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்தன. வென்றவர்களுக்குள் பங்கு பிரிப்பதில் உடனே தகராறு வந்தது. செர்பியா கடற்கரையை எதிர்பார்த்திருந்தது. ஆஸ்திரியா அதற்கு இடம் தராமல் அல்பேனியாவைத் தனிநாடாக்க முன்னின்றது. கடல் கிடைக்காத செர்பியா, மாசிடோனியாவில் கூடுதல் பங்கு கேட்டது. அதைப் பொறாத பல்கேரியா 1913 ஜூன் இறுதியில் தன் பழைய கூட்டாளிகள்மீதே பாய்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் தோற்றது. எட்டு மாதங்களுக்கு முன் விடுதலைக்காக ஒன்றாகப் போரிட்டவர்கள் இவர்கள்.

அடுத்து 1923இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. கிரேக்கமும் துருக்கியும் தங்கள் சிறுபான்மையினரைக் கட்டாயமாக மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டன. ஏறத்தாழ 12 லட்சம் கிறித்தவர்கள் ஒரு பக்கமும், சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் மறுபக்கமுமாக வேரோடு பெயர்க்கப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலான கிறித்தவர்கள் உடன்படிக்கைக்கு முன்பே போருக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள். பிரிப்பதற்கு மதத்தையே அளவுகோலாகக் கொண்டதால், துருக்கி மொழியைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாத கரமன்லி கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். கரமன்லிகள் துருக்கி மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதியவர்கள். நம் பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழை அறிந்த நமக்கு, அப்படிப்பட்ட ஒரு சமூகத்தை எந்த நாட்டுக்கு உரியது என்று தராசில் நிறுத்த முடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆகவே, பேரரசு அமைதி காத்தது என்பதை நான் ஓரளவு ஏற்பேன். ஆனால் அந்த அமைதிக்குள்ளேயே பிற்காலச் சண்டையின் விறகும் அடுக்கப்பட்டிருந்தது. தன்னை நம்பச் சொன்ன பேரரசு, நெருக்கடி வந்தபோது எப்படி நடந்துகொண்டது என்பதற்குத் தொலைவில் போகத் தேவையில்லை. 1941 டிசம்பர் 11 முதல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. சில நாள்களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு வெளியேறினார்கள். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அறிவிப்புக்கூட இல்லாமல் கைவிடப்பட்டனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் சரவணமுத்து. நகர மக்களைக் காக்க அவரும் பிற சமூகத்தவரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். நடுவர் ஓடிப்போன அந்தச் சில நாள்களில் இந்த ஊரின் சமூகங்கள் தாங்களாகவே ஒன்றுசேர்ந்தன. இதை உங்கள் தந்தையாரின் நினைவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: தாய்மொழிப் பற்றும் தேசியவாதமும் ஒன்றுதானா? நம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதும் தேசியவாதமா? (ஒரு தாய், பட்டர்வொர்த்)

பதில்: இல்லை, அம்மா. மொழியை நேசிப்பதற்கு எல்லைக்கோடு தேவைப்படுவதில்லை. இன்ன மக்களுக்கே இன்ன நிலம் உரியது, ஆட்சியும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்ற அரசியல் கோரிக்கையைத்தான் தேசியவாதம் என்கிறோம். அது அடிமைப்பட்ட மக்களை எழுப்பி நிற்க வைத்திருக்கிறது. 1957இல் மலாயாவில் மெர்டேக்கா (விடுதலை) முழக்கம் எழுந்ததும் அதனால்தான். அந்தக் கோரிக்கை, ஒரே நிலத்தில் வாழும் மற்றவரைப் பார்த்து நீ விருந்தாளி என்று சொல்லத் தொடங்கும்போதுதான் அபாயமாகிறது.

கேள்வி: வீழ்கிற பேரரசு அமைதியாக விலகிப் போகாமல் ஏன் கடைசி நேரத்தில் போரில் இறங்குகிறது? உக்ரேன் போரை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டுமா? (வழக்கறிஞர், கோலாலம்பூர்)

பதில்: பேரரசு வலுவிழப்பதைவிட, வலுவிழந்துவிட்டதாக மற்றவர் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சமே அதை அதிகம் ஆட்டிப் படைக்கிறது. ஆஸ்திரியா – ஹங்கேரி 1878 முதல் தன் நிர்வாகத்தில் வைத்திருந்த போஸ்னியாவை 1908இல் முறைப்படி இணைத்துக்கொண்டது. அதனால் செர்பியர்கள் கொதித்தனர். 1914 ஜூன் 28ஆம் நாள் சரயேவோவில் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டைக் கவ்ரிலோ பிரின்சிப் என்ற இளைஞன் சுட்டான். செர்பியாவை ஒருமுறை அடித்துக் காட்டாவிட்டால் தன் கீழுள்ள மற்ற இனங்களும் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று தலைநகர் வியன்னாவில் இருந்த அரசு கணக்கிட்டது. அந்தக் கணக்கின் விளைவாக நான்கே ஆண்டுகளில் பேரரசே இல்லாமல் போனது.

1945க்குப் பிறகு இந்தோனேசியாவை மீண்டும் பிடிக்க டச்சுக்காரர்கள் நான்கு ஆண்டுகள் போரிட்டதும், 1956இல் சூயஸ் கால்வாய்க்காகப் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தில் படையிறக்கி, அமெரிக்கா முகம் திருப்பிக்கொண்டதும் பின்வாங்கியதும் அதே வகையைச் சேர்ந்தவை.

உக்ரேனைப் பொறுத்தவரை, 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அதன் உள் நிர்வாகக் கோடுகள் ஒரே நாளில் நாட்டு எல்லைகளாக மாறின என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கிரிமியாவை 1954இல் ரஷ்யக் குடியரசிலிருந்து உக்ரேனியக் குடியரசுக்கு மாற்றியபோது அது ஒரே வீட்டுக்குள் அறை மாற்றுவதைப் போலத்தான் தோன்றியது. 1994இல் புடாபெஸ்டில் ரஷ்யாவே உக்ரேனின் எல்லைகளை மதிப்பதாகக் கையொப்பமிட்டது. உக்ரேன் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களை ஒப்படைத்தது. 2005இல் அதிபர் புட்டின் சோவியத்தின் சரிவை அந்த நூற்றாண்டின் மாபெரும் புவியரசியல் பேரழிவாக வர்ணித்தார். பிறகு கிரிமியாவை ரஷ்யா பிடித்த 2014 வந்தது, உக்ரேன்மீது முழுப் படையெடுப்பு தொடங்கிய 2022 பிப்ரவரி 24 வந்தது. பேரரசை இழந்த ஏக்கமும், உக்ரேனியர் தனி மக்களே அல்லர் என்ற ரஷ்யத் தேசியவாதமும் இதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மேலை நாடுகளின் படைக் கூட்டணியான நேட்டோவின் விரிவாக்கத்தைக் காரணமாகச் சொல்வோரும் உண்டு. அந்த வாதத்தை முழுதாகத் தள்ள முடியாது. ஆனாலும் கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்ட எல்லையைப் படைகொண்டு மாற்றிய பொறுப்பை அது குறைத்துவிடாது என்பதே என் உறுதியான எண்ணம். சிறிய நாட்டில் வாழும் நாம் இதில் தயங்கவே கூடாது.

கேள்வி: இந்தோனேசியா நம்மோடு போர் செய்தது என்று தாத்தா சொல்வார். அண்டை நாடுகள் இப்போது இத்தனை நெருக்கமாக இருக்க, அது எப்படி நடந்தது? சபா விவகாரமும் அதில் சேர்ந்ததா? (இளைஞர், தைப்பிங்)

பதில்: நடந்தது உண்மை. பிரிட்டன் போர்னியோவை விட்டு விலகவும், மலாயாவோடு சிங்கப்பூர், சபா, சரவாக் சேர்ந்து 1963 செப்டம்பர் 16இல் மலேசியா அமையவும் ஏற்பாடானபோது, அது பிரிட்டனின் மறைமுக ஆட்சியே என்று இந்தோனேசிய அதிபர் சுகார்னோ எதிர்த்தார். டச்சுக்காரரோடு போரிட்டுப் பிறந்த நாட்டின் தலைவர் அவர்; அவருடைய ஐயத்துக்குப் பின்னால் உண்மையான வலி இருந்தது. ஆனால் அந்த வலி உள்நாட்டு நெருக்கடிகளை மூடும் போர்வையாகவும் பயன்பட்டது. போர்னியோக் காடுகளில் சண்டை நடந்தது. 1964இல் ஜொகூரின் பொந்தியானிலும் லாபிஸிலும் இந்தோனேசிய வீரர்கள் இறங்கினர். 1966 ஆகஸ்ட் 11இல் ஜாகர்த்தாவில் உடன்பாடு ஏற்பட்டது. ஓராண்டுக்குள், 1967 ஆகஸ்ட் 8இல், இரு நாடுகளும் ஆசியான் அமைப்பில் ஒன்றாக அமர்ந்தன.

சபாவின் கதை வேறு. 1878இல், இன்றைய பிலிப்பைன்ஸின் தென்பகுதியில் இருந்த சூலு நாட்டின் சுல்தான், சபா நிலத்துக்காக ஐரோப்பிய வணிகர்களுக்குக் கொடுத்த பத்திரத்தில் பஜாக்கான் என்ற மலாய்ச் சொல் வருகிறது. அதை நிரந்தர ஒப்படைப்பாக ஒரு தரப்பும் குத்தகையாக மறுதரப்பும் படிக்கின்றன. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே பிலிப்பைன்ஸ் உரிமை கோரியது. 2013இல் சபாவின் லகாட் டத்துவில் ஆயுதம் ஏந்தியவர்கள் கரையேறியதும் அதன் தொடர்ச்சிதான். இதற்கு மாறாக, சிப்பாடான், லிகித்தான் தீவுகள் 2002இல் அனைத்துலக நீதிமன்றத்தில் நமக்குக் கிடைத்தன. பத்து பூத்தே தீவு 2008இல் சிங்கப்பூருக்குப் போனது. ஒன்றில் வென்றோம், ஒன்றில் தோற்றோம், எதற்காகவும் துப்பாக்கி வெடிக்கவில்லை. இதை நான் பெருமையாகவே கருதுகிறேன்.

கேள்வி: இவ்வளவு பெரிய வரலாற்றில் தமிழர்களாகிய நாம் எங்கே இருக்கிறோம்? நாம் யாருடைய நிலத்துக்கும் உரிமை கோரவில்லையே. (தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகி, கிள்ளான்)

பதில்: பேரரசின் கப்பலில் ஏறி வந்தவர்கள் நாம். ரப்பருக்கும் தேயிலைக்கும் நெல்லுக்கும் ஆள் தேவைப்பட்டபோது, பர்மா, இலங்கை, மலாயா மூன்றுமே நமக்கு ஒரே ராணியின் நாடுகளாகக் காட்டப்பட்டன. கொடி இறங்கியதும் அவை மூன்று தேசங்களாயின. மூன்றிலும் நம்மை நோக்கி, நீங்கள் யார் என்ற கேள்வி எழுந்தது.

பர்மாவில் 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனைக் கட்ட முடியாத குடியானவர்களின் வயல்கள், கடன் கொடுத்திருந்த தமிழ்ச் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவ்வாறு சேர்ந்தது. பர்மியரின் கோபம் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1930இலும் 1938இலும் அந்தக் கோபத்தின் அடியை வாங்கியவர்களில் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தென்னிந்தியக் கூலிகளும் இருந்தார்கள். 1942இல் ஜப்பான் நுழைந்தபோது சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினர். காட்டு வழியில் பல்லாயிரம் பேர் விழுந்தனர். அதே நேரத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 1960களில் பர்மாவில் எஞ்சியவர்களிலும் பெரும்பகுதியினர் கடைகளை இழந்து கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைகளால் உண்டானது.

மலாயாவில் 1948இன் கூட்டரசு ஏற்பாட்டில் குடியுரிமைக்கு இறுக்கமான நிபந்தனைகள் இருந்தன. இங்கே பினாங்கில் அச்சம் வேறு வடிவம் எடுத்தது. கூட்டரசிலிருந்து விலகிப் பிரிட்டிஷ் ஆட்சியிலேயே இருக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் எழுந்தது. 1949இல் அதற்கான தீர்மானம் மன்றத்தில் தோற்றது. விண்ணப்பத்தையும் லண்டன் 1951இல் நிராகரித்தது. அச்சம் விண்ணப்பமாகவே எழுந்து விண்ணப்பமாகவே அடங்கியது. மெர்டேக்காவுக்கு முன்னர் சமூகத் தலைவர்கள் குடியுரிமையைப் பேரம் பேசி முடித்ததில் குறைகள் ஏராளம். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இறந்துபோன நம் முதியவர்களே அதற்குச் சாட்சி. ஆனாலும் பேசி முடித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இலங்கையில் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. 1947 தேர்தலில், தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது; 1948 பிப்ரவரியில் விடுதலை; அதே ஆண்டு நவம்பரில் குடியுரிமைச் சட்டம். மலையகத்தில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த சுமார் 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த ஒருவரையும் கூப்பிட்டு உன் விருப்பம் என்ன என்று முன்கூட்டிக் கேட்டதில்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமை வழங்கும் சட்டத்தை 2003இல்தான் நிறைவேற்றியது. முதல் சட்டம் வந்த ஆண்டில் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது 55.